பாம்பு கடித்த இடம் வீங்கவில்லை என்றால் விஷம் இல்லை என்று யார் சொன்னது?

"வீங்கவே இல்லீங்க டாக்டர், அதனாலதான் விடியட்டும்னு விட்டுட்டோம்."

இதை எத்தனை தடவைதான் கேட்பது? போன வாரம் கோபிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா. தோட்டத்துச் சாளையில், அதாவது குடிசையில், தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவருக்கு இரவு இரண்டு மணிக்குத் தோளில் எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்றிருக்கிறது. வீட்டுக்காரர் டார்ச் அடித்துப் பார்த்தாராம், பல் தடமும் இல்லை, வீக்கமும் இல்லை. காலையில் வயிற்று வலி என்று கூட்டி வந்தபோது, அந்த அம்மா இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் என் முகத்தைப் பார்த்தார்.

கட்டுவிரியன்.

கண்ணாடி விரியன் விஷம் ஏறினால் பெரும்பாலும் கடிவாய் வீங்கும். அதைப் பார்த்துப் பழகியதால், 'வீங்கினால் விஷம்' என்பதை அப்படியே திருப்பி 'வீங்காவிட்டால் விஷமில்லை' என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒரே பேச்சு இல்லைங்க. மழை பெய்தால் களம் நனையும். களம் நனையவில்லை என்றால் மழை பெய்யவில்லை, சரி, அது அதே பேச்சுதான். ஆனால் மழை பெய்யவில்லை, அதனால் களம் நனைந்திருக்காது என்று மஞ்சளைக் கொண்டுபோய்க் கொட்டுவீர்களா? ராத்திரி தண்ணீர்க் குழாய் உடைந்திருந்தால்? மஞ்சளுக்குக் காட்டுகிற நிதானத்தைக் கடிபட்ட ஆளுக்கும் காட்டுங்கள்.

படித்தவர்களும் இதில் சறுக்குகிறார்கள். 2 மில்லி இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்போம். உறையவில்லை என்றால் கண்ணாடி விரியன் மாதிரிப் பாம்பின் விஷம் என்று மருந்து போடுவோம். உறைந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிக்கொடுத்த இளம் டாக்டர்களை நான் பார்த்திருக்கிறேன். நாகமும் கட்டுவிரியனும் கடித்தால் இரத்தம் நன்றாகவே உறையும், தம்பி! அந்த விஷம் நரம்பைத் தாக்கும், இமை தொங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

விஷமுறிவு மருந்து இரத்தத்தில் சுற்றுகிற விஷத்தைப் பிடிக்கும். நரம்பு முனையைக் கட்டுவிரியன் விஷம் கெடுத்த பிறகு அதை மருந்து சரிசெய்யாது, மூச்சுக் கருவியில் வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். அந்த அம்மா நான்கு நாள் கருவியில் இருந்தார்.

அதனால் சந்தேகம் வந்த நிமிடமே 108. கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல் நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், மருந்து அங்கே இலவசம். ஒன்றும் தெரியாவிட்டாலும் 24 மணி நேரம் அங்கேயே இருங்கள். சாளையில் கட்டில் இல்லையா, தயவுசெய்து கொசுவலை ஓரத்தைச் சுற்றிலும் பாய்க்கு அடியில் செருகிவிட்டுப் படுங்கள்.