கவிகை உயரம்: சொல்லும் பொருளும்

காட்டு மரங்களின் தலைகள் நெருங்கிச் சேர்ந்து உண்டாக்கும் மேல்மூடலே கவிகை, ஆங்கிலத்தில் கேனபி. தனி மரத்தின் தழைப்பகுதியைக் கவிகை என்பது பிழை. அது வெறும் மரத்தலை.

கேனபியின் வேர் கொசுவில் இருக்கிறது. கிரேக்கத்தில் ‘கோனோப்ஸ்’ என்றால் கொசு, ‘கோனோபியோன்’ கொசுவலை கட்டிய கட்டில். இலத்தீன், பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்து, கட்டிலின் மேல் கட்டும் துணியாகிப் பிறகுதான் காட்டுக்கு ஏறியது. தமிழில் பரவலாக எழுதப்படும் ‘விதானம்’ வடசொல். அதன் நேர்த்தமிழ் மேற்கட்டி. இரண்டும் விரித்துக் கட்டிய துணியையே நினைவூட்டும். கவிகை, ‘கவி’ என்னும் வினையில் பிறந்தது. இருள் கவிவதும் மேகம் கவிவதும் அதே வினைதான். 389ஆம் குறளின் ‘கவிகைக்கீழ்த் தங்கும் உலகு’ அரசனின் குடையைச் சொல்கிறது. கவிகை உயரம், கவிகை இடைவெளி, கவிகை அடர்த்தி எனக் கூட்டவும் வசதி என்பதால் இதையே பரிந்துரைக்கிறோம். விதானம் என்று எழுதினால் குற்றமில்லை.

இந்தக் கவிகை எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதை நிலமும் வானிலையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் தாழ்ந்த சரிவுகளில் உள்ள பசுமைமாறாக் காட்டில் 30 மீட்டரைத் தாண்டும். நீலகிரி, பழனி மலை உச்சிச் சோலைகளில் பெரும்பாலும் 20 மீட்டருக்குள் அடங்கிவிடும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை குறைகிறது, மூடுபனி வெயிலை மறைக்கிறது, வளர்ச்சி மெதுவாகிறது. ஒரே மலையிலும் மடிப்புப் பள்ளத்தில் மண் ஆழம், ஈரம் நிற்கும், மரம் ஓங்கும். முகட்டில் மண் மெல்லியது, காற்றோ ஓயாது. இலங்கையின் நக்கிள்ஸ் மலை முகடுகளில் குட்டைக் காடுகள் இருப்பது இப்படித்தான்.

மறுபக்கம், நீரேற்றம்: வேர் உறிஞ்சும் நீர் உச்சி இலைவரை ஏறவேண்டும். 10 மீட்டர் உயர்த்துவதற்கே ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் வேண்டும். இலைத் துளைகள் இழுக்கும் இழுப்பு அதற்கு மேலும் போகவேண்டும். இழுப்பு மிகுந்தால் நீரிழை அறுந்து குழாய்களில் காற்றுக்குமிழ் புகும். கலிபோர்னியாக் கடலோரச் செம்மரங்களில் (ரெட்வுட்) மிக உயரமானவை 115 மீட்டரைக் கடப்பதற்குக் கோடை மூடுபனி நீரிழப்பைக் குறைப்பதும் ஒரு காரணம். மலேசியாவின் சபா மாநிலத்து டானும் பள்ளத்தாக்கில் 2019இல் அளக்கப்பட்ட 100.8 மீட்டர் மெராண்டி மரம் காற்றடிக்காத ஒதுக்கிடத்தில் நிற்கிறது.

அளக்கும்போதுதான் சரிவு ஏமாற்றும். கோணமானியால் அளப்பவர் கிடைத்தளத் தூரத்தையே எடுக்கவேண்டும். சரிவில் நாடா பிடித்த நீளம் அதைவிடக் கூடுதல். 30 மீட்டர் தள்ளி நின்று உச்சி 45 பாகை மேலே, அடி 10 பாகை கீழே தெரிந்தால் 30 + 5.3 = 35.3 மீட்டர். அடி கண்மட்டத்துக்கு மேலே இருந்தால் கூட்டாமல் கழிக்கவேண்டும். அளப்பவர் பக்கமாக நீண்ட கிளையை உச்சி என்று எண்ணினால் கணக்கு மிகும். விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்டு, காட்டின் உயரத்தை மேலிருந்து அளக்கும் கெடி (GEDI) லேசர் கருவிக்கும் சரிவால் தொல்லை: அதன் ஒளிப்பொட்டு ஏறத்தாழ 25 மீட்டர் அகலம். 30 பாகைச் சரிவில் அந்தப் பொட்டுக்குள்ளேயே தரை 14 மீட்டர் உயர்ந்துவிடுவதால் எது தரை, எது கவிகை என்று பிரிப்பது கடினம். செங்குத்தான மலைகளில் கெடி தரும் உயரத்தைக் களஅளவோடு ஒப்பிடாமல் எடுத்துக்கொள்ளக் கூடாது.