ஏற்றம் பிடிக்காத ரயில்

ரயிலுக்கு ஏற்றம் என்றாலே ஆகாது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கிக்கொண்டு உருளும். சமதரையில் ஒரு டன் பாரத்தை நகர்த்தச் சில கிலோ இழுவிசை போதும். ஆனால் 100 அடிக்கு 1 அடி ஏறினால், டன்னுக்கு இன்னும் 10 கிலோ சேர்ந்துவிடும். மாட்டுவண்டி சட்டை செய்யாத மேடு ரயிலை மூச்சுவாங்க வைக்கும். அதனால் 19-ஆம் நூற்றாண்டுப் பொறியாளர்கள் ஆறுகளைத் தேடிப் போனார்கள். சரிவு குறைந்த தடத்தைத் தண்ணீர் எப்போதோ அறுத்து வைத்திருந்தது.

நியூயார்க் நகரின் வடக்கே இதைத் தெளிவாகப் பார்க்கலாம். ஹட்சன், சா மில், பிராங்க்ஸ் என மூன்று ஆறுகள் பக்கம் பக்கமாகத் தெற்கே இறங்குகின்றன. நடுவே பாறை மேடுகள். ஹார்லெம் ரயில்பாதை பிராங்க்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு 1844-இல் ஒயிட் பிளெயின்ஸ் என்ற ஊரை எட்டியது.

ஹட்சனில் 1807 முதலே நீராவிப் படகு ஓடியது. பிறகு ரயில் எதற்கு? குளிர்காலத்தில் ஆறு உறைந்தால் படகு நின்றுவிடும். கடலின் ஏற்றவற்றம் வடக்கே வெகுதூரத்திலுள்ள டிராய் நகர் வரை ஏறிவரும் அளவுக்கு ஹட்சன் மட்டமான ஆறு. அதன் கரையோரமாகவே பொறியாளர் ஜான் ஜெர்விஸ் தண்டவாளம் போடவைத்தார். 1851-இல் பாதை மாநிலத் தலைநகர் ஆல்பனியின் எதிர்க்கரை வரை போய்ச் சேர்ந்தது. ஆற்றைப் பார்த்தபடி வீடு கட்டியிருந்த எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங், வாசலுக்கும் தண்ணீருக்கும் நடுவே ரயில் கூவிப் போவதைக் கண்டு நொந்துகொண்டார். பாவம், பக்கத்து ஊர் 1854-இல் அவர் பெயரையே சூட்டிக்கொண்டது!

தினமும் நகரத்துக்குப் போய்வருகிறவர்களுக்கு ரயில் கம்பெனிகள் சலுகை விலையில் சீசன் டிக்கெட் கொடுத்தன. நீராவி ரயில் நின்று கிளம்பி வேகம் பிடிக்க நேரமாகும். ஆகவே நிலையங்களைத் தள்ளித் தள்ளித்தான் வைக்க முடியும். இறங்கியவர் வீட்டுக்கு நடக்க வேண்டும். எனவே நிலையத்தைச் சுற்றி, கால் எட்டுகிற தூரத்துக்குள் வீடுகள் மொய்த்தன, அப்பால் வயல்தான். ஹட்சன் கரையிலோ ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர். அதனால் அங்கே புறநகர்கள் பாதி வட்டமாகவே முளைத்து, மேட்டில் தொற்றி ஏறின.

ஹட்சன் கரை டாரிடவுனிலிருந்து ஒயிட் பிளெயின்ஸ் கிழக்கே சுமார் 10 கிலோமீட்டர்தான். ஆனால் பாதைகள் ஆறுகளையொட்டி வடக்கு தெற்காகவே ஓடுவதால், இன்றும் ரயிலில் போக வேண்டுமென்றால் தெற்கே மன்ஹாட்டனின் ஹார்லெம் வரை போய், வண்டி மாறி, மறுபடி வடக்கே வர வேண்டும்.