திங்கட்கிழமை வயிற்றுவலி

ஜூன், ஜூலை வந்தால் என் கிளினிக்குக்கு ஒரு தினுசான வயிற்றுவலி வரும். காலை எட்டு மணிக்குச் சுருட்டிப் பிடிக்கும். வேன் போனதும் அடங்கிவிடும். சனி, ஞாயிறு லீவு.

தென்காசிப் பக்கம் குழந்தை மருத்துவராக இருக்கிறேன். சென்னையிலிருந்து குடிவந்த ஒரு வீட்டின் பத்து வயதுப் பையனை அவன் அம்மா கூட்டிவந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஸ்கேன், பூச்சி மருந்து எல்லாம் ஆகியிருந்தது. “நடிக்கிறான் டாக்டர்” என்றார்.

நடிப்பு இல்லை. பயமும் பதற்றமும் இருக்கும்போது குடலின் சாதாரண அசைவுகூட வலியாகத் தெரியும். பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித்தான் வலிக்கும். ஆனால் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடைக் குறைவு, மலத்தில் ரத்தம், காய்ச்சல், விடாத வாந்தி, வலப்பக்க அடிவயிற்றில் வலி என்றால் மனசு, பள்ளிக்கூடம் என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவனிடம் பேசினேன். “எல்லாரும் என்னை ஏலேன்னு திட்டுறாங்க.” சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. இங்கே ‘ஏலே’ என்பது தோளில் கை போடுகிற மாதிரி. அதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கடையில் ‘அங்கிள்’ என்று கூப்பிட்டிருக்கிறான். “நீ யாரு மவம்ல?” என்று அண்ணாச்சி கேட்டதற்கு வீட்டு நம்பரைச் சொல்லியிருக்கிறான். வகுப்பில் பேர் ‘மெட்ராஸ்’. மற்றவர்களெல்லாம் எல்.கே.ஜி.யிலிருந்து ஒன்றாகப் படிப்பவர்கள்.

இதெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். “எந்தத் தெரு?” என்ற கேள்வி வேறு. தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும் ஊர்கள் எங்கள் பக்கம் நிறைய. இவன் திருவிழாக் கடையில் அழகாக இருந்ததென்று ஒரு கலர் கயிறு வாங்கிக் கட்டியிருந்தான். அந்தக் கலர் எந்தச் சாதிக்கு என்று அர்த்தம் சொன்னது ஒன்பதாம் வகுப்பு அண்ணன் ஒருவன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் தங்கையையும் சாதியின் பேரில் வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. கயிறு என்றால் என்ன என்பதைப் பிள்ளை பெற்றோர் வாயால் முதலில் கேட்கட்டும். மிரட்டல், அடி என்று போனால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் இருக்கின்றன.

மருந்து எழுதவில்லை. வலித்தாலும் பள்ளிக்கு அனுப்புங்கள், அரை மணி நேரம் தாமதமானால் பரவாயில்லை என்றேன். வீட்டில் இருந்துவிட்டால் மறுநாள் வலி கூடத்தான் செய்யும். அப்பாவைச் சாயங்காலம் அவனோடு கடைத்தெருவுக்கு நடந்து போகச் சொன்னேன். பைக் வேண்டாம், பைக்கில் போகிறவரை யாரும் நிறுத்திப் பேச மாட்டார்கள்.

மூன்று மாதம் கழித்துச் சளிக்கு வந்தான். பரீட்சை அன்றைக்கு இன்னும் வலிக்கிறதாம். வெளியே பெஞ்சில் பக்கத்துப் பையனிடம் அவன் சொன்னது உள்ளே கேட்டது: “ஏலே, தள்ளி இரில.”