அல்காரிதத்தை 'நெறிமுறை' என்று எழுதாதீர்கள்

"சமூக ஊடக நெறிமுறைகளால் பதின்ம வயதினரின் மனநலம் பாதிக்கப்படுகிறது." இப்படி ஒரு செய்தி. நெறிமுறையால் எப்படி ஐயா மனநலம் கெடும்? நெறிமுறை இல்லாததால் கெட்டது என்றால் புரியும். எழுதியவர் சொல்ல வந்தது அல்காரிதத்தை, அதாவது எந்தப் பதிவை யாருக்குக் காட்டுவது என்று கணினி படிப்படியாக முடிவு செய்யும் முறையை. கட்டுரை, காணொளி, மொழிபெயர்த்த அறிக்கை என்று எதை எடுத்தாலும் இதே சொல்தான், கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

சொல் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி. குவாரிஸ்ம் என்பது அவருடைய பூர்வீகப் பகுதி, பெயர் அதிலிருந்து வந்தது. இந்திய எண்களைக் கொண்டு கணக்குப் போடுவது பற்றி அவர் எழுதியதைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் லத்தீனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவர் பெயர் 'அல்கோரிட்மி' ஆனது, பிறகு அதுவே அந்தக் கணக்கு முறைக்கும் பெயராகி, கடைசியில் ஒரு வேலையை முடிக்கும் திட்டவட்டமான படிகளின் வரிசை என்ற இன்றைய பொருளுக்கு வந்து சேர்ந்தது. ஆக, சொல்லுக்குள் இருப்பது ஓர் ஆளின் பெயரும் கணக்கும்தான். ஒழுக்கம் எங்கேயும் இல்லை.

படி என்றேன் இல்லையா, அதற்கு எடுத்துக்காட்டாகப் பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் முறையே போதும். 48, 18 என்ற இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி வேண்டும். 48ஐ 18ஆல் வகு, மீதி 12. 18ஐ 12ஆல் வகு, மீதி 6. 12ஐ 6ஆல் வகு, மீதி 0. நிறுத்து, விடை 6. யார் செய்தாலும் இதே படிகள், இதே விடை. இதற்குத் தமிழில் 'படிமுறை' என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. படியும் தெரிகிறது, முறையும் தெரிகிறது, அகராதியைப் புரட்டவே வேண்டாம்.

அப்படியிருக்க நெறிமுறை எப்படி உள்ளே வந்தது? என் ஊகம் இது: நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு 'நெறி' என்றாலே ஒரு மயக்கம். ஒட்டினால் சொல்லுக்குக் கம்பீரம் வந்துவிடும் என்று நம்புகிறார்கள். நெறி என்றால் வழி என்றும் பொருள் உண்டே, செய்யும் வழியைத்தானே சொல்கிறோம் என்று வாதாடுபவர்களும் இருக்கிறார்கள். பழைய இலக்கியத்தில் அந்தப் பொருள் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 'பொய்தீர் ஒழுக்க நெறிநின்றார்' என்று ஆறாவது குறளிலேயே நெறி ஒழுக்கத்தோடு சேர்ந்துவிட்டது. அறநெறி, நன்னெறி, நெறி தவறியவன் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய காதுக்கு நெறிமுறை என்றால் ஒழுகவேண்டிய ஒன்று என்றுதான் கேட்கும். சொல்லின் வேரில் இருப்பதைவிட இன்று கேட்பவர் மனதில் என்ன விழுகிறது என்பதல்லவா முக்கியம்?

போதாக்குறைக்கு அந்தச் சொல் ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் குழு நெறிமுறைக் குழு. அரசு அனுப்புவது வழிகாட்டு நெறிமுறை. கணினிகள் பேசிக்கொள்ளும் விதிகளான புரோட்டோகாலுக்கும் இணைய நெறிமுறை. இதற்கு மேல் அல்காரிதத்தையும் ஏற்றினால், அல்காரிதத்தில் அறம் வேண்டும் என்று பேசும் கட்டுரைக்கு 'நெறிமுறைகளின் நெறிமுறை' என்றுதான் தலைப்பு வைக்கவேண்டும். சிரிக்கவேண்டாம், கிட்டத்தட்ட அப்படியே ஒன்றைப் படித்திருக்கிறேன்.

அல்காரிதத்துக்குச் சிலர் சொல்லும் மற்றச் சொற்களில் 'வழிமுறை' பரவாயில்லை, ஆனால் ரொம்பத் தளர்வு, எதற்கும் பொருந்தும். 'வினைச்சரம்' அழகுதான், ஆனால் சரம் என்பதை நிரலில் வரும் எழுத்துக்கோவைக்கு (string) ஏற்கெனவே கொடுத்தாயிற்று, நிரல் எழுதுபவர் குழம்புவார்.

எனக்கு இவ்வளவு எரிச்சல் வருவதற்கு வேறு காரணமும் இருக்கிறது. தூக்கம் வராமல் கிடந்த ஒரு இரவில், தூக்கமின்மை பற்றிய ஒரு காணொளியை ஒரு செயலியில் கடைசிவரை பார்த்துத் தொலைத்தேன். அடுத்து மாரடைப்பு, அதற்கடுத்து மூளைக்கட்டி, 'இந்த ஐந்து அறிகுறி இருந்தால் அலட்சியம் வேண்டாம்' என்று வரிசை கட்டி வந்தன. கட்டைவிரல் தள்ளிக்கொண்டே இருக்கிறது, இதயம் அடித்துக்கொள்கிறது, தூக்கம் போயே போய்விட்டது. அதற்குப் பிறகு பல நாள் என் திரை ஆஸ்பத்திரி மாதிரிதான் இருந்தது. இதைச் செய்த ஒன்றை நெறி என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை.

உள்ளே நடப்பது என்ன? காட்டக்கூடிய பதிவுகளைத் திரட்டு. ஒவ்வொன்றையும் இவர் எவ்வளவு நேரம் பார்ப்பார், லைக் போடுவாரா, கருத்து எழுதுவாரா என்று கணி. ஒவ்வொரு கணிப்பையும் அதற்குரிய எடையால், அதாவது அது எவ்வளவு முக்கியம் என்று காட்டும் எண்ணால், பெருக்கிக் கூட்டு. அதிகம் வந்ததை மேலே வை. இயந்திரம் தானே கற்றுக்கொள்கிறதே, இதில் படி எங்கே என்று கேட்பார்கள். கற்பதும் படிப்படியாகத்தான், எதை அதிகமாக்கக் கற்கவேண்டும் என்று இலக்கு வைப்பவர் மனிதர். யூடியூப் 2012இல் எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முன்னுரிமை கொடுத்தது. ஃபேஸ்புக்கில் 2017இல் கோப முகம் உள்ளிட்ட உணர்ச்சி முகங்களுக்கு ஒரு லைக்கைப்போல் ஐந்து மடங்கு எடை கொடுத்தார்கள், கோபத்தின் எடையைப் பூஜ்யமாக்கியது 2020இல். இது வெளியே தெரிந்ததே 2021இல், உள் ஆவணங்கள் கசிந்தபோதுதான். ஐந்து என்ற எண் வானத்திலிருந்து விழவில்லை, யாரோ கூட்டம் போட்டு முடிவு செய்தது. படிமுறை என்று சொன்னால், எந்தப் படியை யார் வைத்தார் என்று கேட்க ஒரு இடம் கிடைக்கிறது. நெறிமுறை என்றால் கைகட்டி நிற்கத் தோன்றுகிறது.

சரி, சமூக ஊடகத்தில் பதிவுகளைத் தேர்ந்தெடுத்துத் தரும் அந்தக் குறிப்பிட்ட வகைக்கு என்ன சொல்வது? 'பரிந்துரை' என்கிறார்கள். பரிந்து உரைப்பது பரிந்துரை, ஒருவருக்காகப் பரிவோடு பேசுவது. நடு இரவில் மூளைக்கட்டியைக் காட்டியதில் பரிவு எங்கே? பொறுக்கி எடுத்துத் தருவதால் 'பொறுக்கி' என்றே வைத்துவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். இலக்கணப்படி தப்பே இல்லை, ஆசையாகவும் இருக்கிறது, ஆனால் அறிக்கைகளில் அச்சாகாது. நான் 'தெரிவுப் படிமுறை' என்று எழுதுகிறேன். தெரிவு என்றால் தேர்ந்தெடுத்தல், நல்லதைத்தான் தேர்ந்தெடுத்தது என்ற உத்தரவாதம் அதில் இல்லை.

மொழிபெயர்ப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. 'அல்காரிதம் எனக்கு இதைக் காட்டியது' என்பதை அப்படியே தமிழாக்கி இல்லாத பூதத்தை எழுவாய் ஆக்காதீர்கள். 'செயலி காட்டியது' என்று எழுதுங்கள், நிறுவனம் எதுவென்று தெரிந்தால் நிறுவனம் காட்டியது என்றே எழுதுங்கள். தலைப்பில் இடம் போதவில்லை, படிமுறை வாசகருக்குப் பழகவில்லை என்று தோன்றினால் பேசாமல் அல்காரிதம் என்றே போடுங்கள், அல்கோரிதம் என்று எழுதுபவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை. தனித்தமிழ் ஆசை எனக்கும் உண்டு, ஆனால் தவறான தமிழைவிடக் கடன் சொல் எவ்வளவோ மேல்.