"அனுப்புங்கள்" ஏன் அதட்டலாகக் கேட்கிறது?

"அறிக்கையை நாளைக்குள் அனுப்புங்கள்." தமிழில் இப்படி எழுதினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மரியாதை அந்த "ங்கள்" விகுதிக்குள்ளேயே இருக்கிறது. இதையே ஆங்கிலத்தில் "சென்ட் த ரிப்போர்ட் பை டுமாரோ" என்று எழுதிப் பாருங்கள். இலக்கணம் சரி, சொற்களும் சரி. ஆனால் படிப்பவர் காதில் அதட்டலாக விழும். ஆங்கில வினைச்சொல்லில் மரியாதை விகுதி கிடையாது. அதனால் அந்த மொழி மரியாதையைக் கேள்வி வடிவத்துக்குள் வைத்திருக்கிறது. "குட் யூ சென்ட்..." (அனுப்ப முடியுமா) என்று தொடங்கினால்தான் அது வேண்டுகோளாகக் கேட்கும். வெறும் "ப்ளீஸ்" சேர்த்தால் கட்டளையின் சாயல் முழுதாகப் போய்விடாது.

போலிஷ் மொழி பேசுகிறவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. அவர்கள் மொழியிலும் ஏவல் வினையிலேயே பணிவாகக் கேட்டுவிட முடியும். மொழியியலாளர் அன்னா வியெஜ்பிட்ஸ்கா 1985இல் இதை விரிவாக எழுதினார். ஆங்கிலத்தின் கேள்வி வடிவத்தை அப்படியே போலிஷுக்குக் கொண்டுபோனால், பல இடங்களில் அது வேண்டுகோளாகப் படாமல் நிஜக் கேள்வியாகவே படும்.

இந்த மாதிரிப் பிழையை மற்றப் பிழைகளிலிருந்து பிரித்துக் காட்டியவர் மொழியியலாளர் ஜென்னி தாமஸ். 1983இல் அவர் எழுதிய கட்டுரையை, வேறு மொழிக்காரர்களோடு வேலை செய்கிற எல்லோரும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நீங்கள் காலத்தையோ ஒருமை பன்மையையோ தப்பாக எழுதினால், "இவருக்கு மொழி போதவில்லை" என்று எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார். மரியாதையை வைக்கும் இடம் தப்பினால் அப்படி நினைக்க மாட்டார். "இவர் குணமே இப்படித்தான்" என்பார். சரளமாக எழுதுகிறவருக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். அவ்வளவு நன்றாக எழுதத் தெரிந்தவர் தெரிந்தேதான் இப்படி எழுதியிருப்பார் என்று தோன்றிவிடும்.

எவ்வளவு பணிவு போதும் என்பதை எப்படி முடிவு செய்கிறோம்? 1978இல் பெனலோப்பி பிரவுன், ஸ்டீஃபன் லெவின்சன் இருவரும் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். இருவருக்கும் உள்ள நெருக்கம், யாருக்கு அதிகாரம் அதிகம், கேட்பது எவ்வளவு பெரிய உதவி என்ற மூன்றையும் மனம் கூட்டிப் பார்க்கிறது என்றார்கள். இந்த ஆய்வுக்கு அவர்கள் முக்கியமாக எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று தமிழ். மற்ற இரண்டு ஆங்கிலமும் மெக்சிகோவின் ட்செல்டாலும். மூன்று எடைக்கற்களும் எங்கும் உண்டு, எதற்கு எவ்வளவு எடை என்பதுதான் ஊருக்கு ஊர் மாறும் என்பது அவர்கள் வாதம். ஜப்பானிய மொழியியலாளர் சச்சிகோ இடே இந்த வாதத்தை அப்படியே ஏற்கவில்லை. ஜப்பானிய மொழியில் மரியாதை என்பது கணக்குப் பார்த்துச் சேர்ப்பது அல்ல, அவரவர் இடத்தை அறிந்திருப்பதன் அடையாளம் என்றார். எனக்கு இரண்டுமே தேவைப்படுகின்றன.

அப்புறம், வரிசை. தமிழ் வாக்கியத்தில் காரணம் முன்னால் வரும், வினைமுற்று கடைசியில் வரும். "சரக்கு வர தாமதமானதால், சோதனையும் முடியாததால், பத்து நாள் அவகாசம் வேண்டும்." சீன மொழியில் வேலைப் பேச்சும் பெரும்பாலும் இந்த வரிசையில் போகும் என்று ரான் ஸ்காலனும் சுசான் ஸ்காலனும் விளக்கியிருக்கிறார்கள். முதல் இரண்டு வரியில் விஷயத்தைத் தேடிப் பழகிய ஆங்கில வாசகருக்கு, இது சாக்குச் சொல்வது போலத் தோன்றும். திருப்பிப் போட்டால், கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்பது மற்றவருக்கு முரட்டுத்தனமாகத் தெரியும். இதை வைத்து இன்ன இனத்தார் இப்படித்தான் யோசிப்பார்கள் என்று முடிவு கட்டக் கூடாது. 1966இல் ராபர்ட் கப்லான், ஆங்கிலக் கட்டுரைக்கு நேர்கோடு, கிழக்கத்தியக் கட்டுரைக்குச் சுருள் என்று படமே வரைந்தார். கடும் விமர்சனம் வந்தது. பிற்பாடு அவரே அதைத் தளர்த்திக்கொண்டார்.

எழுத்தில் குரல் இல்லாததால் இடைவெளி இன்னும் பெரிதாகிறது. 2005இல் ஜஸ்டின் க்ரூகரும் சகாக்களும் நடத்திய சோதனையில், மின்னஞ்சல் எழுதியவர்கள் தாங்கள் எழுதிய வரி கேலியா, நிஜமாகச் சொன்னதா என்பது 78 சதவீதம் சரியாகப் புரியும் என்று கணித்தார்கள். புரிந்தது 56 சதவீதம்தான். காசைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும். அதே வரிகளைக் குரலில் கேட்டவர்கள் 73 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். ஒரே மொழிக்காரர்களுக்குள்ளேயே இந்த நிலை.

தாய்மொழியின் அச்சு எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதற்கு விமானத் துறையில் ஒரு கொடிய உதாரணம் இருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று, டெனரீஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். மூடுபனி, அனுமதிக்குக் காத்திராமல் ஓடத் தொடங்கியது என்று காரணங்கள் பல. மோதலுக்குச் சற்று முன் டச்சு விமானத்திலிருந்து வந்த வரி, "வீ ஆர் நவ் அட் டேக்-ஆஃப்" என்பது போலக் கேட்டது. டச்சில் "செய்துகொண்டிருக்கிறோம்" என்பதற்கு "அட்" போன்ற ஒரு சொல்லைச் சேர்ப்பார்கள், அந்தப் பழக்கம்தான் ஆங்கிலத்தில் எட்டிப் பார்த்தது என்பது சிலர் தரும் விளக்கம். அவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். தரையிலிருந்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருக்கோ அது "கிளம்பும் இடத்தில் தயாராக நிற்கிறோம்" என்று பட்டது. அவர் "ஓகே" என்றார். காத்திருக்கச் சொன்ன அடுத்த வரியை வானொலி இரைச்சல் விழுங்கிவிட்டது.

அதற்குப் பிறகு "டேக்-ஆஃப்" என்ற சொல்லை, கிளம்ப அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்துவது என்று விதி வந்தது. மற்ற நேரங்களில் "டிபார்ச்சர்". "ஓகே" என்று மட்டும் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. விமானி தனக்குக் கிடைத்த அனுமதியைத் திரும்பச் சொல்ல வேண்டும், கட்டுப்பாட்டாளர் அதைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

அலுவலக மடலுக்கும் இது அப்படியே பொருந்தும். "புரிந்ததா?" என்று கேட்டால் "ஆம்" என்றுதான் பதில் வரும், கேட்பவர் மேலதிகாரி என்றால் கேட்கவே வேண்டாம். "நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள், எந்தத் தேதிக்குள் என்று இரண்டு வரி எழுதுகிறீர்களா?" என்று கேளுங்கள். மே மாதம் நான்காம் தேதியை மனதில் வைத்து 04/05 என்று எழுதியிருப்பீர்கள். "ஏப்ரல் 5க்குள் தந்துவிடுகிறேன்" என்று பதில் வந்தால், தவறு அன்றைக்கே தெரிந்துவிடும்.