சண்டைக்காரரிடமிருந்து உடல் எடையைக் கழிப்பது எப்படி?

சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் எனப் பரம்பரை பிரித்துக் குத்துச்சண்டையில் மோதிய காலத்திலிருந்து, யார் பெரிய ஆட்டக்காரர் என்ற வாதம் வடசென்னையில் ஓய்ந்ததே இல்லை. இன்று வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் காசிமேட்டிலும் அதே வாதம், எம்எம்ஏ என்று அழைக்கப்படும் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளைக் கைப்பேசியில் பார்க்கும் இளைஞர்களிடையே வேறு பெயர்களோடு தொடர்கிறது. ஜான் ஜோன்ஸ் பெரியவரா, டெமெட்ரியஸ் ஜான்சன் பெரியவரா? முன்னவர் 93 கிலோ பிரிவில் பல ஆண்டுகள் ஆண்டவர். பின்னவர் 57 கிலோவை எட்டாத ஃப்ளைவெயிட் பிரிவின் சாம்பியனாக இருந்தவர். இருவரையும் ஒரே கூண்டுக்குள் விட்டால் என்ன ஆகும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை என்பதால், கேள்வி உண்மையில் அதுவன்று. எடை தருகிற பங்கைக் கழித்துவிட்டால் எவரிடம் மிகுதி எஞ்சும் என்பதே கேள்வி. அந்தக் கழித்தலைச் செய்ய இயற்பியலும் புள்ளியியலும் ஓரளவு வழி காட்டுகின்றன.

எடை ஒரு பொருட்டே அல்ல என்று தோன்றிய காலமும் உண்டு. 1993 நவம்பரில் டென்வர் நகரில், எம்எம்ஏ போட்டிகளை நடத்தும் அமெரிக்க நிறுவனமான யுஎஃப்சியின் முதல் போட்டி எடைப் பிரிவுகள் இல்லாமலேயே நடந்தது. ஏறத்தாழ 80 கிலோ எடை கொண்ட ராய்ஸ் கிரேஸி அதில் வென்றார். அடுத்த ஆண்டு இறுதியில், தம்மைவிட 35 கிலோவுக்கு மேல் கனத்த மல்யுத்த வீரர் டான் செவெர்னைக் கால்களால் கழுத்தை நெரிக்கும் முக்கோணப் பிடியில் சிக்கவைத்துப் பணியச் செய்தார். ஆனால் அன்றைய எதிரிகளுக்குத் தரைச்சண்டையின் பூட்டுகள் பெரும்பாலும் தெரியாது. அந்த அறிவு எல்லோருக்கும் பரவியவுடன் எடை மீண்டும் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. 1997இல் முதன்முறையாகப் பிரிவுகள் வந்தன. இன்று ஆண்களுக்கு 56.7 கிலோ வரம்பிலிருந்து 120.2 கிலோ வரம்பு வரை எட்டுப் பிரிவுகள் இருக்கின்றன.

எடை கூடினால் வலிமை கூடும். ஆனால் அதே விகிதத்தில் கூடாது. தசையின் இழுவிசை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. எடையோ கன அளவைப் பொறுத்தது. உடல் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பெருகும்போது பரப்பு நீளத்தின் வர்க்கமாகவும் கன அளவு நீளத்தின் முப்படியாகவும் வளர்கின்றன என்பதை 1638லேயே கலிலியோ எழுதிவிட்டார். ஆகவே வலிமை, எடையின் மூன்றில் இரண்டாம் அடுக்கோடு ஒத்துச் செல்லவேண்டும். 57 கிலோவிலிருந்து 93 கிலோவுக்குப் போனால் எடை 63 விழுக்காடு ஏறுகிறது. வலிமை ஏறக்குறைய 39 விழுக்காடுதான் ஏறுகிறது. ஒரு கிலோவுக்கு எவ்வளவு வலிமை என்று பார்த்தால் பெரியவர் 15 விழுக்காடு பின்தங்குகிறார்.

இது வெறும் தாள் கணக்கன்று. பளுதூக்குதலின் சாதனைகள் இந்த மூன்றில் இரண்டாம் அடுக்கை ஒட்டியே செல்வதாக லீட்ஸ்கே என்பவர் 1956இல் காட்டினார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் நயீம் சுலைமான்ஓக்லு தூக்கிய மொத்த எடை 342.5 கிலோ. 2021இல் ஜார்ஜியாவின் லாஷா தலகாட்ஸே 492 கிலோ தூக்கினார். அவருடைய உடல் எடையோ 170 கிலோவுக்கு மேல். மேற்சொன்ன அடுக்கால் வகுத்தால் நயீமுக்கு 22க்குச் சற்று மேலும், தலகாட்ஸேக்கு ஏறத்தாழ 16ம் கிடைக்கின்றன. மிகக் கனத்த உடலில் கொழுப்பின் பங்கும் கூடுவதால் எளிய வாய்ப்பாடு அங்கே பெரியவருக்குப் பாதகமாகச் சாய்கிறது. அதைச் சரிசெய்யத்தான், உண்மையான சாதனைகளைக் கொண்டு தயாரிக்கப்பட்ட சின்க்ளேர் குணகத்தைப் பளுதூக்குவோர் பயன்படுத்துகிறார்கள். சண்டைக்கும் இப்படி ஒரு குணகம் இருந்தால் வாதம் ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் பளு திருப்பி அடிப்பதில்லை. சண்டையில் அளக்கவேண்டியது ஒரு விசையை அன்று, இன்னொரு மனிதரோடு உள்ள உறவை.

அந்த உறவில் எடை புகுந்து விளையாடும் இடங்கள் இரண்டு. முதலாவது குத்து. ஃப்ளைவெயிட் முதல் சூப்பர் ஹெவிவெயிட் வரையிலான ஏழு ஒலிம்பிக் குத்துச்சண்டை வீரர்களைப் பொம்மைத் தலையொன்றில் குத்தச் செய்து 2005இல் வெளியிடப்பட்ட ஆய்வில், குத்தின் விசை சராசரியாக 3,400 நியூட்டனைத் தாண்டியது. கையின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர். எடைப் பிரிவு உயர உயரக் குத்தின் கடுமை கூடியது. அதற்கு முதன்மைக் காரணம் கை வேகமன்று. முட்டி தாடையைத் தொடும் கணத்தில் அதன் பின்னால் இறுகிச் சேர்ந்து நிற்கும் நிறைதான். தோளும் இடுப்பும் எவ்வளவு கனம் சேர்க்கின்றனவோ அவ்வளவு ஆற்றல் எதிரியின் தலைக்குப் போய்ச் சேர்கிறது. வாங்கிக்கொள்ளும் மூளையோ எந்தப் பிரிவிலும் ஏறக்குறைய 1.3, 1.4 கிலோதான். குத்து கனக்கிறது, மூளை வளர்வதில்லை. எனவே ஹெவிவெயிட் ஆட்டங்களில் நாக் அவுட் மலிந்து கிடக்கிறது. 1980இல் சென்னை நேரு விளையாட்டரங்கில் முகமது அலி ஜிம்மி எல்லிஸோடு காட்சி ஆட்டம் ஆடிய நாள்முதல் ஹெவிவெயிட் மீது நம் பகுதிக்கு இருக்கும் மயக்கம் எனக்குப் புரிகிறது. ஆயினும் ஒரே அடியில் ஒருவர் சாய்வதில் பெரும்பங்கு அந்த எடையுடையது என்பதை மறக்கக்கூடாது.

இரண்டாவது விரைவு. இங்கே சாய்வு மறுபக்கம் போகிறது. உடலியலாளர் ஏ. வி. ஹில் 1950இல் முன்வைத்த வாதத்தின்படி, உருவில் ஒத்த இரு உடல்களில் கை நுனி எட்டக்கூடிய உச்ச வேகம் ஏறக்குறைய ஒன்றே; ஆனால் சிறிய உடலில் அந்தக் கை கடக்கவேண்டிய தூரம் குறைவு. எனவே போய்த் திரும்பும் நேரமும் குறைவு. ஜான்சனின் உயரம் ஏறத்தாழ 160 சென்டிமீட்டர், ஜோன்ஸின் உயரம் 193. ஐந்தில் ஒரு பங்கு நீளமான உடலுக்கு அதே அசைவை முடிக்க ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் நேரம் பிடிக்கும். ஃப்ளைவெயிட் ஆட்டத்தைப் பார்த்து, என்ன சுறுசுறுப்பு, என்ன நுட்பம் என்று நாம் வியக்கும்போது, அந்த வியப்பின் ஒரு பகுதி உடலின் சிறுமைக்கே உரியது. பெரியவருக்கு அடியையும் சிறியவருக்கு விரைவையும் எடையே கொடுக்கிறது என்றால், பெரியவர் அடியால் சிறந்தவர், சிறியவர் நுட்பத்தால் சிறந்தவர் என்று இரு தரப்பும் பேசுவது ஒரே பிழையின் இரு பக்கங்கள்தாம்.

சரி, உடலைக் கழித்தாயிற்று; எஞ்சுவதை எப்படி அளப்பது? ஒவ்வொருவரும் தம் பிரிவினரை எவ்வளவு விஞ்சி நின்றார் என்பதே நேரிய அளவு என்று தோன்றும். சதுரங்கத்தின் வழியாகச் சென்னைக்கு நன்கு தெரிந்த எலோ மதிப்பீடு அதைத்தான் செய்கிறது. 200 புள்ளி முன்னிலையில் இருப்பவர் 76 விழுக்காடு புள்ளிகளை எடுப்பார், 400 புள்ளி முன்னிலையில் இருப்பவர் 91 விழுக்காடு எடுப்பார் என்பது அதன் அடிப்படை. ஆனால் இந்த எண்களுக்குத் தமக்கென்று ஒரு பொருள் கிடையாது. ஒருவரோடொருவர் மோதும் கூட்டத்துக்குள் மட்டுமே அவை பேசும். வியாசர்பாடியின் கேரம் மன்றமும் காசிமேட்டின் கேரம் மன்றமும் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால் இரண்டிலும் ஒரு 2000 புள்ளிக்காரர் உருவாகலாம். அவ்விருவரில் யார் மேல் என்பதை, ஒரு மன்றத்தார் மற்றதற்குப் போய் ஆடும்வரை எந்த வாய்ப்பாட்டாலும் சொல்லமுடியாது. எடைப் பிரிவுகளும் இத்தகைய தீவுகளே. பிரிவு மாறி ஆடுபவர்கள்தாம் பாலங்கள்.

அந்தப் பாலங்கள் சிலவே, அவையும் கோணலானவை. ஃபெதர்வெயிட் சாம்பியன் அலெக்சாண்டர் வோல்கனோவ்ஸ்கி 2023 பிப்ரவரியில் ஒரு பிரிவு ஏறி இஸ்லாம் மகாச்சேவைச் சந்தித்து நடுவர்களின் புள்ளித் தீர்ப்பில் நெருக்கமாகத் தோற்றார். இதிலிருந்து மகாச்சேவ் சிறந்தவர் என்று கொள்வதா, கிட்டத்தட்ட நாலரை கிலோ வரம்பு வேறுபாட்டையும் மீறி இவ்வளவு நெருங்கியவரே சிறந்தவர் என்று கொள்வதா? என் தீர்ப்பு பின்னதன் பக்கம். இஸ்ரேல் அடெசன்யா 2021இல் இதேபோல் ஏறி யான் புவாகோவிச்சிடம் தோற்றார். டேனியல் கார்மியே 2018இல் ஏறி ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார். பட்டத்துக்காக இப்படி ஏறுபவர்கள் பெரும்பாலும் தம் பிரிவில் எதிரியின்றி நின்ற சாம்பியன்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். சராசரி வீரர் ஏறினால் என்ன நடக்கும் என்பதை இவை காட்டுவதில்லை.

போதாக்குறைக்கு, காகிதத்தில் உள்ள எடையே மெய்யன்று. எடை பார்ப்பது போட்டிக்கு முந்தைய நாள். வியர்வையாக நீரை வெளியேற்றித் தராசில் ஏறிவிட்டு, மறுநாளைக்குள் பல கிலோ மீட்டெடுத்துக் கூண்டுக்குள் வருவது வழக்கம்.

உடல் வெப்பமும் இந்தக் கணக்கில் சேரும். எடையைக் கழித்து ஒப்பிடும் 'பவுண்டுக்குப் பவுண்டு' என்ற சொல் யாரை வைத்துப் புகழ்பெற்றதோ, அந்தக் குத்துச்சண்டை வீரர் சுகர் ரே ராபின்சன் 1952 ஜூன் 25 அன்று நியூயார்க்கில், தம்மைவிட ஏழு கிலோ கனத்த ஜோயி மாக்சிமை லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்காகச் சந்தித்தார். எடைக்கு ஏற்ற தோல்பரப்பு சிறிய உடலில் அதிகம் என்பதால் வெப்பத்தை வெளியேற்றும் வசதி ராபின்சனுக்கே இருந்திருக்கவேண்டும். ஆனால் அங்குமிங்கும் ஓடியாடிக் குத்தி ஆட்டத்தை நடத்தியவரும் அவர்தான்; தசை செலவிட்ட ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாக உடலில் சேர்ந்தது. சென்னைச் சித்திரை வெயிலுக்கு இணையான அந்தச் சூட்டில் நடுவரே பத்தாம் சுற்றோடு விலகினார். புள்ளிகளில் முன்னணியில் இருந்த ராபின்சன் 14ஆம் சுற்றுக்கு எழவில்லை. எடைக்கு ஈடுகட்ட வேகத்தைச் செலவிடுபவர் அந்தச் செலவுக்கு வேறொரு கணக்கில் பணம் கட்டவேண்டியிருக்கிறது.

இன்னொரு சிக்கல், பிரிவுகளின் ஆழம். திறமை மணிவடிவப் பரவலில் அமைகிறது என்று கொண்டால், 100 பேரில் முதல்வர் சராசரியிலிருந்து ஏறத்தாழ 2.5 திட்டவிலக்கம் (பரவலின் சிதறலை அளக்கும் அலகு) மேலே நிற்பார். 10,000 பேரில் முதல்வர் 3.9 அளவுக்கு நிற்பார். கூட்டம் சிறுத்தால் முதல்வர் தாழ்ந்தவராக இருந்தும் இரண்டாமவரை எளிதாக விஞ்சலாம். ஜான்சன் 2012இல் பட்டம் வென்று தொடர்ந்து 11 முறை காத்ததைக் குறைத்துப் பேசுபவர்கள், அமெரிக்காவில் 57 கிலோ ஆண்கள் குறைவு என்பதைச் சுட்டுகிறார்கள். அது உண்மைதான், ஆயினும் ஹெவிவெயிட்டிலும் கூட்டம் மெலிந்ததே, ஏனெனில் சுறுசுறுப்பான பேருடல்காரர்களை அங்கே கூடைப்பந்தும் அமெரிக்கக் கால்பந்தும் முன்கூட்டியே கொண்டுபோய்விடுகின்றன. நம் ஊர்க் கோதாக்களில் பயிலும் பிள்ளைகள் பெரும்பாலும் 70 கிலோவுக்குள் அடங்குபவர்கள்; உலகம் முழுவதும் அந்த எடையினர் பயிற்சி பெற்று வந்தால் எந்தப் பிரிவு ஆழமாகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் பிழை எல்லை பெரிது. ஒருவர் 30 ஆட்டங்களில் 27 வென்றார் என்று கொள்வோம். வெற்றி விகிதம் 90 விழுக்காடு. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் ஒரு திட்டப்பிழை, அதாவது தற்செயலால் வரக்கூடிய ஏற்ற இறக்கம், ஐந்தரை விழுக்காடு வரும். எலோ மொழியில் சொன்னால், எதிரிகளின் சராசரியைவிட அவருடைய முன்னிலை 295 புள்ளியாகவும் இருக்கலாம், 530ஆகவும் இருக்கலாம். முதல் ஐந்தாறு இடங்களுக்குச் சொல்லப்படும் ஜோன்ஸ், ஜான்சன், ஜார்ஜ் செயின்ட் பியேர், 29 ஆட்டங்களிலும் வென்று ஓய்ந்த கபீப், ஆண்டர்சன் சில்வா ஆகியோரின் இடைவெளிகள் அந்த எல்லைக்குள்ளேயே மறைந்துபோகும். சதுரங்க வீரர் ஓராண்டில் ஆடும் ஆட்டங்களைச் சண்டைக்காரர் வாழ்நாள் முழுவதும் ஆடுவதில்லை.

ஆகவே கணிதம் ஒரு குழுவைத் தருகிறது, ஒரு பெயரைத் தருவதில்லை. பெயர் கேட்டால் நான் ஜான்சன் பக்கம் நிற்பேன். ஜோன்ஸ் களத்தில் ஒருமுறைகூட அடித்து வீழ்த்தப்பட்டதில்லை, 2023இல் ஹெவிவெயிட்டுக்கு ஏறியும் பட்டம் வென்றார். ஆனால் அவருக்கு அளவில்லாமல் வாய்த்த கை நீளத்தைக் கழிக்கவேண்டும், ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி 2017 கார்மியே ஆட்டம் முடிவற்றதாக மாற்றப்பட்டதையும் சேர்க்கவேண்டும். ஜான்சனுக்கு எதிராக நீட்டப்படும் பாலம், 2011 அக்டோபரில் பேண்டம்வெயிட் பட்டத்துக்காக டொமினிக் குரூஸிடம் தீர்ப்பில் தோற்றது. அந்த ஆண்டு யுஎஃப்சியில் ஃப்ளைவெயிட் பிரிவே கிடையாது; தம் உடலுக்கு உரிய பிரிவு இல்லாததால், ஒரு பிரிவு மேலே, தம்மைவிடப் பெரிய சாம்பியனோடு ஐந்து சுற்றும் நின்று ஆடியவர் அவர்.