கும்மிப் பாட்டை எம்பி3 ஆக்கும்போது என்ன நடக்கிறது?

கம்பத்திலும் கூடலூரிலும் விடியுமுன் ஜீப் ஏறி, குமுளி வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு, சிக்னல் கிடைக்காத சரிவுகளில் மெமரி கார்டு போட்ட சின்ன ஸ்பீக்கர் நல்ல துணை. ஆனால் ஊர்த் திருவிழாவில் போனில் பதிந்த கும்மிப் பாட்டை அந்தக் கார்டில் ஏற்றினால் பல நேரம் பாடாது. கார்டில் கோளாறு இல்லை. பெரும்பாலான போன்கள் எம்4ஏ ஃபைலாகப் பதிகின்றன. வாட்ஸ்அப் குரல்பதிவு ஓபஸ் வகை. விலை குறைந்த ஸ்பீக்கரின் சிப்புக்கு எம்பி3, வேவ் தாண்டி அதிகம் தெரியாது. ஃபைல் பெயரின் கடைசியில் எம்பி3 என்று திருத்தி எழுதினாலும் உள்ளே இருப்பது மாறாது.

மாற்றும் மென்பொருள் முதலில் பழைய ஃபைலைப் பிரித்து முழு ஒலி அலையாக்குகிறது. சிடி தரத்தில் நொடிக்கு 44,100 அளவீடுகள், இடம் வலம் என இரண்டு தடங்கள். 5 நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய 53 மெகாபைட் (எம்பி) ஆகும். பிட்ரேட், அதாவது ஒரு நொடி ஒலிக்குச் செலவாகும் தரவு, 128 கிலோபிட் (கேபிபிஎஸ்) உள்ள எம்பி3-யில் அதே பாட்டு 5 எம்பிக்குள் அடங்கிவிடும்.

மிச்சம் எங்கே போனது? ஜீப் இன்ஜின் உறுமும்போது பக்கத்தில் இருப்பவரின் முணுமுணுப்பு நமக்குக் கேட்பதில்லை. பலத்த ஒலி தன்னை ஒட்டிய அதிர்வெண்களில் உள்ள மெல்லிய ஒலியை மறைத்துவிடுகிறது. எம்பி3 இந்தப் பலவீனத்தைக் கணக்கிட்டு, காதுக்கு எட்டாதவற்றைத் தோராயமாக எழுதுகிறது, அல்லது விட்டுவிடுகிறது. 1990-களின் தொடக்கத்தில், ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வாளர்களின் பெரும் பங்களிப்போடு உருவான இந்த உத்தியை நான் மிக அழகான பொறியியல் என்றே சொல்வேன்.

கும்மிக்குத்தான் இதில் சோதனை அதிகம். எம்பி3 ஒலியைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கையாளுகிறது. ஒரு துண்டுக்கு 1,152 அளவீடுகள், சுமார் 26 மில்லி நொடி. கைத்தட்டல் துண்டின் நடுவில் விழுந்தால், தோராயத்தால் வரும் இரைச்சல் தட்டலுக்கு முன்னாலும் பரவுகிறது. ‘பளிச்’ என்ற சத்தம் மழுங்குகிறது. இதைத் தவிர்க்கக் குறுந்துண்டு முறை உண்டு, ஆனாலும் குறைந்த பிட்ரேட்டில் முழுதாகத் தப்பாது. கும்மிக்கு 192 கேபிபிஎஸ்-க்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து.

எம்பி3-யை மறுபடி எம்பி3 ஆக்கினால் இழப்பின் மேல் இழப்பு. 128-ஐ 320 ஆக்கினால் ஃபைல்தான் பருக்கும், போன ஒலி திரும்பாது. அதனால் போனில் உள்ள மூலப்பதிவை அழிக்காமல், ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே மாற்றுங்கள். வி.எல்.சி. என்ற மென்பொருள் இதை இலவசமாகவே செய்து தரும்.

கார்டையே ஸ்பீக்கர் கண்டுகொள்ளாவிட்டால் அது வேறு சிக்கல்: 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் ஃபைல்களை அடுக்கி வைக்கும் எக்ஸ்ஃபேட் என்ற அமைப்பில் வரும், சின்ன ஸ்பீக்கர்கள் பலவும் ஃபேட்32 என்ற பழைய அமைப்பை மட்டுமே படிக்கும்.